கையில் ஒட்டும் சர்க்கரை சென்சார்: யாருக்கு வேண்டும், எத்தனை முறை வேண்டும்

மாத்திரையில் மட்டும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள், கையில் ஒட்டி இரண்டு வாரம் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கிற இந்த சென்சாரை வருஷத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். அதிகம் போனால் இரண்டு முறை. மாதா மாதம் வாங்கி ஒட்டத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு முறையை முடிந்தவர்கள் யாரும் தவறவிட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு சேலம் அரசு மருத்துவமனைப் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடை. மேல்படிப்பு படிக்கிற டாக்டர்கள் தீசிஸ் அடிக்க என்னிடம் வருவார்கள். ஒவ்வொரு தீசிஸிலும் நோயாளிக்கான தமிழ் ஒப்புதல் படிவம் ஒன்று இருக்கும். "இந்த ஆய்வில் இருந்து எந்த நேரத்திலும் நான் விலகிக்கொள்ளலாம், அதனால் எனக்குக் கிடைக்கும் சிகிச்சை பாதிக்கப்படாது" என்ற வரியை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். கடைசிப் பக்கங்களில் மாஸ்டர் சார்ட் வரும். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை: வயது, வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை). பாதித் தீசிஸ் சர்க்கரை நோயைப் பற்றித்தான். எனக்கும் அதே நோய் வந்த பிறகு அந்தப் பக்கங்களை வெறுமனே அடித்துவிட்டுப் போக மனம் வரவில்லை, படிக்க ஆரம்பித்தேன். புரியாத இடத்தில் கேட்டால் பிள்ளைகள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். "அண்ணா, இது ரொம்ப முக்கியமான ஸ்டடி, எங்களுக்குப் பரீட்சையிலேயே கேட்பாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

நான் சாப்பிடுவது மெட்ஃபார்மின், கூடவே சிட்டாகிளிப்டின். இரண்டாவது மாத்திரை 2022-ல் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகளும் போட ஆரம்பித்த பிறகுதான் என் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

இப்போது பொருளுக்கு வருகிறேன். பெரிய காசு அளவில் ஒரு வில்லை. மேல்கையின் பின்பக்கம் ஒட்டுவார்கள். அதன் அடியில் முடி போல மெல்லிய ஓர் இழை, அரை சென்டிமீட்டர் அளவில், தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 14 நாள் இருக்கும். ஒட்டும்போது வலிக்குமோ என்று பயந்தவர்களுக்குச் சொல்கிறேன், 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விரலில் குத்துகிற வலி கூட இல்லை. மருந்துக்கடைத் தம்பியே ஒட்டிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எண் காட்ட ஆரம்பித்தது.

இது ரத்தத்தை நேராக அளப்பதில்லை. தோலுக்கு அடியில் செல்களைச் சுற்றி இருக்கிற நீரில் உள்ள குளுக்கோஸைத்தான் அளக்கிறது. மேட்டூரில் மதகு திறந்ததும் கடைமடையில் தண்ணீர் வந்துவிடுவதில்லை அல்லவா, அதுபோல ரத்தத்தில் ஏறியது இந்த நீரில் தெரிய ஐந்து முதல் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் விரலில் குத்திப் பார்த்த எண்ணும் இதுவும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். ஒத்துப்போகவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. காலையில் வெறும் வயிற்றில் ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு குளுக்கோமீட்டர் 131 காட்டியபோது சென்சார் 124 காட்டியது. அந்த அளவு வித்தியாசம் குளுக்கோமீட்டருக்கும் லேபுக்கும் இடையிலேயே உண்டு.

முதல் நாள் எண்களை நம்ப வேண்டாம். இழை உள்ளே போன இடத்தில் திசு ஆறி அடங்க நேரம் வேண்டும். அப்புறம் இன்னொன்று. ஒரு நாள் நடுராத்திரி எழுந்து பார்த்தால் 61 என்று காட்டியது. என் மனைவி பதறிப்போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்துவிட்டாள். விரலில் குத்திப் பார்த்தால் 104. சென்சார் இருந்த கைப்பக்கமே சாய்ந்து படுத்திருந்தேன். அழுத்தம் பட்டால் அந்த இடத்து நீரோட்டம் குறைந்து இப்படிப் பொய்யான தாழ்வு காட்டும். எனவே எந்தப் பக்கம் படுப்பீர்களோ அதற்கு எதிர்க் கையில் ஒட்டச் சொல்லுங்கள். ராத்திரி தாழ்வு காட்டினால் விரலில் குத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உடம்பு நடுங்கி வியர்த்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே சர்க்கரை சாப்பிடுங்கள்.

இனி, காசு கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்று பார்ப்போம்.

லேபில் சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். என் உடம்பில் உச்சம் அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. நாலு இட்லி, சாம்பார், சட்னி, ஒரு காபி. லேபில் எப்போதும் 170, 175 என்றுதான் வரும். சென்சாரில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் 221-க்குப் போய், அங்கிருந்து இறங்கி வருகிற வழியில்தான் அந்த 170 இருக்கிறது. மலையின் மறுபக்கத்தை மட்டும் இத்தனை காலம் அளந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி இது சொன்னதைக் கேளுங்கள். தட்டுவடை செட் பெரிய வில்லனாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கேரட், பீட்ரூட் துருவல், இரண்டு சட்னி, நடுவில் சின்னத் தட்டுவடை. ஒரு பிளேட்டுக்கு அதிகம் ஏறவில்லை. எண்ணெய் இருப்பதால் மெதுவாக ஏறி, நேரம் கழித்து இறங்கியது. (தினமும் சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இதயத்துக்கு எண்ணெய்க் கணக்கு தனி.) ஆனால் ஜவ்வரிசி உப்புமா 243 வரை தூக்கிவிட்டது. அதே கிண்ணம் அளவு சோறு 208-ல் நின்றது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆத்தூர் ரோட்டில் சேகோ மில்லில் வேலை செய்கிற என் மச்சான் விளக்கினார். குச்சிக்கிழங்கை அரைத்து, திப்பியை எல்லாம் வடிகட்டித் தனியாக எடுத்துவிட்டு, தொட்டியில் படிகிற வெள்ளை மாவை மட்டும்தான் உருட்டி ஜவ்வரிசி ஆக்குகிறார்கள். நார் மொத்தமும் திப்பியோடு மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது வெறும் மாவுச்சத்து. விரத நாளில் லேசாக இருக்கட்டும் என்று சர்க்கரைக்காரர்களுக்கு ஜவ்வரிசி செய்து போடுகிற வீடுகள் சேலத்தில் ஏராளம். தயவு செய்து அதை மறுபடி யோசியுங்கள்.

மாம்பழத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இமாம்பசந்த் இரண்டு துண்டு, மதியச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டபோது 236. அதே இரண்டு துண்டு, சாயங்காலம் தனியாக, கூட ஒரு கை வேர்க்கடலையோடு சாப்பிட்டபோது 166. என் உடம்புக்கு இது. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வில்லை.

நான் தீசிஸ்களில் படித்தவற்றில் இரண்டு ஆய்வுகளை வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒன்று, சாப்பாட்டில் எதை முதலில் சாப்பிடுவது என்பது. 2015-ல் நியூயார்க்கில் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் செய்தது. மெட்ஃபார்மின் சாப்பிடுகிற, உடல் பருமன் உள்ள 11 பேர்தான். ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சு ஜூஸும் முதலில், கோழியும் காய்கறியும் பிறகு. இன்னொரு நாள் அதே சாப்பாடு தலைகீழாக. காய்கறியும் கோழியும் முதலில் போன நாளில் ஒரு மணி நேரச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவு. சாப்பாட்டில் ஒரு பருக்கை கூட மாற்றாமல் கிடைத்த பலன் இது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை மட்டும் வைத்துச் சட்டம் போட முடியாது என்று ஒரு டாக்டர் பிள்ளை எச்சரித்தாள். அவள் சொன்னது சரிதான். அதனால்தான் என் கையிலேயே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

நம் ஊர்ச் சாப்பாட்டில் இது கொஞ்சம் சங்கடம். சோற்றைப் பிசையாமல் பொரியலை மட்டும் எப்படிச் சாப்பிடுவது? மனைவி வழி கண்டுபிடித்தாள். தட்டில் முதலில் சுரைக்காய்ப் பொரியலும் பாசிப்பயறு சுண்டலும் மட்டும் வைத்தாள். அதை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகுதான் சோற்றுப் பாத்திரமே வரும். சோறு அதே அளவு, குழம்பு அதே குழம்பு. உச்சம் 208-ல் இருந்து 172-க்கு இறங்கியது. தற்செயலாக இருக்குமோ என்று வெவ்வேறு குழம்பு வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எண் கொஞ்சம் முன்னே பின்னே வந்ததே தவிர, ஒவ்வொரு முறையும் குறைவாகத்தான் வந்தது. கூடவே ஒன்று நடந்தது, வயிறு பாதி நிறைந்திருந்ததால் சோறு தானாகவே குறைய ஆரம்பித்தது. இந்தியர்கள் சாப்பிடுகிற கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்துதான் வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ICMR-INDIAB ஆய்வு 2025-ல் சொன்னது. இதே ஆய்வுதான் 2023-ல் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்குச் சொன்னது. பொரியலை முதலில் வைப்பதற்கு மாத்திரைச் செலவு இல்லை, பக்க விளைவும் இல்லை.

இரண்டாவது, நடை. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 41 பேர். எப்போது வேண்டுமானாலும் 30 நிமிஷம் நடப்பது ஒரு முறை. மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு பத்துப் பத்து நிமிஷம் நடப்பது இன்னொரு முறை. மொத்த நடை அதே அரை மணிதான். ஆனால் சாப்பிட்ட பின் நடந்தபோது, உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 சதவீதம் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் எடுத்துக்கொண்டால் 22 சதவீதம். இரவில்தான் நாம் அதிகம் சாப்பிடுகிறோம், சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்காருகிறோம்.

இதைப் பார்க்க சென்சாரை விட நல்ல கருவி இல்லை. ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா. உட்கார்ந்திருந்த இரவில் 214. சாப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கோட்டை மாரியம்மன் கோயில் வரை போய்த் திரும்பிய இரவில் 167. திரும்பி வந்து போனைக் காட்டினால் கோடு படுத்துக் கிடக்கிறது. சர்க்கரை ஏறுகிற நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால், இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே அவை ரத்தத்தில் இருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். டாக்டர் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரு இரவு கூட நடக்காமல் படுக்க மனம் வருவதில்லை. என் மனைவிக்குச் சர்க்கரை இல்லை, அவளும் கூட வருகிறாள்.

ஏற்காட்டுக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போனோம். ஏரிப் பக்கம் இறங்கி லேடீஸ் சீட் வரை ஏற்றத்தில் நடந்தபோது 82-க்கு வந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் மாத்திரைகள் சர்க்கரையைத் தாழ்த்தித் தள்ளுகிற வகை இல்லை. கிளிமிப்பிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் மலை ஏறும்போது பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரும் அலாரம் அடிக்கிற வகையாகவே வாங்குங்கள். நான் போட்டது போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினால் மட்டும் படிக்கிற பழைய வகை. எட்டு மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது காட்டாவிட்டால் இடைப்பட்ட பதிவு போய்விடும்.

விடியற்காலை ஏற்றம் என்று ஒன்று உண்டு. ராத்திரி 118-ல் படுத்து, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்தால் 139. கோடு நாலு மணிக்கு மேல் மெல்ல எழும்புகிறது. விடியும் நேரத்தில் சுரக்கிற ஹார்மோன்கள் கல்லீரலைக் குளுக்கோஸ் விடச் சொல்கின்றன என்று டாக்டர் விளக்கினார். வெறும் வயிற்றுச் சர்க்கரை அதிகமாக வந்ததும் "ராத்திரி திருட்டுத்தனமாகத் தின்றாயா" என்று வீட்டில் கேட்கிறவர்களிடம் இந்தக் கோட்டைக் காட்டலாம்.

இப்போது குறைகள். நான் வாங்கியபோது விலை ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூலி வேலை செய்கிறவருக்கு இது பெரிய தொகை. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக எங்கள் தெருவில் வீடு தேடி மாத்திரை வருகிறது, அது எத்தனையோ பேரை மருந்தை நிறுத்தாமல் காப்பாற்றியிருக்கிறது. சென்சார் அப்படி வருகிற காலம் இன்னும் வரவில்லை. அரசு மருத்துவமனைகளில் ஒரு வார்டுக்குச் சில சென்சார் கொடுத்து, மருந்து மாற்றுகிற நோயாளிகளுக்கு இரண்டு வாரம் போட்டுப் பார்க்கட்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சித்திரை வெயிலில் சேலத்தில் ஒட்டுப் பசை நிற்பது கஷ்டம். நான் முதலில் வாங்கியது வியர்வையில் ஓரம் பிரிந்து பாதியிலேயே கழன்றுவிட்டது. கம்பெனி ஹெல்ப்லைனில் முதலில் ஆங்கிலமும் ஹிந்தியும்தான். தமிழ் பேசுகிறவர் மறுநாள் கூப்பிட்டார். சீரியல் நம்பர், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு, பல முறை நினைவூட்டிய பிறகு மாற்றுப் பொருள் அனுப்பினார்கள். மேலே ஒட்டும் டேப் தனியாகக் கிடைக்கிறது, கோடையில் அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது இன்னொரு விஷயத்தில். பெட்டிக்குள் இருந்த குறிப்பேட்டில் தமிழ் இல்லை, ஆப்பிலும் இல்லை. ஒரு தீசிஸுக்காக நோயாளியிடம் ஐந்து மில்லி ரத்தம் எடுப்பதற்கே அவருக்குப் புரிகிற மொழியில் தகவல் தாள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை அடித்துக் கொடுக்கிறவன் நான். 14 நாள் உடம்புக்குள் ஓர் இழையை வைத்திருக்கப்போகிற பொருளை சேலத்துக் கடையில் விற்கும்போது அந்த மரியாதை ஏன் இல்லை? "அழுத்திப் படுத்தால் தாழ்வு காட்டும்", "வைட்டமின் சி அதிக அளவில் சாப்பிட்டால் கூடுதலாகக் காட்டலாம்" என்ற இரண்டு வரியாவது தமிழில் இருந்திருந்தால் பல வீடுகளில் நடுராத்திரிப் பதற்றம் குறையும்.

இன்சுலின் போடுகிறவர்கள் என் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021-ல் அமெரிக்காவில் மொபைல் என்ற ஆய்வு வந்தது. இரண்டாம் வகை நோயில், சாப்பாட்டு வேளைக்கு என்று இல்லாமல் நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலின் மட்டும் போடுகிற 175 பேர். எட்டு மாதத்தில் சென்சார் போட்டவர்களுக்கு ஹெச்பிஏ1சி 9.1-ல் இருந்து 8.0-க்கும், விரலில் குத்திப் பார்த்தவர்களுக்கு 9.0-ல் இருந்து 8.4-க்கும் இறங்கியது. அவர்களுக்கு இது தொடர்ந்து பயன்படுகிற கருவி. டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

சென்சார் வந்துவிட்டது, இனி ஹெச்பிஏ1சி எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. கண், சிறுநீரகம், நரம்பு பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஹெச்பிஏ1சி வைத்துச் செய்த ஆய்வுகளில் இருந்து வந்ததுதான். பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். என்ற சர்க்கரை நோய் ஆய்வு 5,102 பேரைச் சேர்த்து, 1998-ல் முடிவு சொன்னது. 7.9-ல் இருந்தவர்களை விட 7.0-ல் வைத்தவர்களுக்குச் சின்ன ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைவு. அதே சமயம் எண்ணைக் கீழே கீழே தள்ளுவதும் ஆபத்து. அமெரிக்கா, கனடாவில் நடந்த அக்கார்டு ஆய்வில் 10,251 பேர். 6-க்குக் கீழே கொண்டுவர மருந்துகளைக் கூட்டிய பிரிவில் சாவு அதிகமாக இருந்ததால் 2008-ல் அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள். சென்சார் போட்டவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பயந்து, சாப்பாட்டை வெட்டி, தானாக மாத்திரையைக் கூட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன். 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வைத்த அளவு இது: நாளில் 70 சதவீதத்துக்கு மேல் நேரம் சர்க்கரை எண் 70-க்கும் 180-க்கும் நடுவே இருந்தால் போதும். வயதானவர்களுக்குப் பாதி நேரம் இருந்தாலே போதும், தாழ்வு வராமல் பார்ப்பதுதான் முக்கியம். எனக்கு ஆரம்பத்தில் 64 சதவீதம் வந்தது. பொரியலும் நடையும் சேர்ந்த பிறகு 79. என் டாக்டர் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு மாத்திரையைக் கூட்டவில்லை, "ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடிச்சுடுங்க, இப்படியே போகட்டும்" என்றார்.

வீட்டில் யாருக்காவது நோய் வரும் எல்லையில் சர்க்கரை இருந்தால், சென்சாருக்கு முன்னால் நடையும் சாப்பாட்டு மாற்றமும்தான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டில் ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, வாழ்க்கை முறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம். அது நம் மக்களை வைத்து எடுத்த கணக்கு.

வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் போன் மாடலில் ஆப் வேலை செய்யுமா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். பெட்டியில் காலாவதித் தேதி பாருங்கள். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் தேதி குறித்திருந்தால் அது முடிந்த பிறகு ஒட்டுங்கள், கழற்றினால் திரும்ப ஒட்ட முடியாது. கல்யாணம், திருவிழா இல்லாத சாதாரண இரண்டு வாரமாகப் பாருங்கள். சாப்பிட்டதையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அது இல்லாமல் அந்தக் கோட்டை வைத்து டாக்டராலும் ஒன்றும் சொல்ல முடியாது.